ரீஃபர் கன்டெய்னரில் பச்சைப் பொருளும் உறைபொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி வாழைக்காய், தூத்துக்குடி இறால், ஒட்டன்சத்திரம் காய்கறி, உறையவைத்த பரோட்டா, தேங்காய்த் துருவல் என்று ரீஃபர் எனும் குளிர்சாதனக் கன்டெய்னரில் கப்பலேற்றி அனுப்பத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ரீஃபர் கன்டெய்னர்னா ஒரு பெரிய ஃபிரிட்ஜ் தானே?

இல்லை. பெரும்பாலான நஷ்டம் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது. வீட்டு ஃபிரிட்ஜில் சூடான குழம்பை வைத்தாலும் ராத்திரிக்குள் குளிர்ந்துவிடும். ரீஃபர் அப்படிக் குளிரவைக்கச் செய்யப்பட்டதல்ல. ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அதே நிலையில் காத்து வைப்பதுதான் அதன் வேலை. 20 டன் வெதுவெதுப்பான சரக்கை ஏற்றிவிட்டால், நடுவில் இருக்கும் பெட்டிகள் குளிரப் பல நாள் ஆகும். அதற்குள் காய் பழுத்துவிடும், உறைபொருள் இளகிவிடும்.

காற்றோட்டத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இயந்திரம் முன்பக்கச் சுவரில், அதாவது கதவுக்கு எதிர்முனையில் இருக்கிறது. அது தள்ளும் குளிர்காற்று, தரையில் நீளவாக்கில் ஓடும் 'டி' வடிவ அலுமினியப் பள்ளங்கள் வழியாகக் கதவு வரை போகும். பிறகு பெட்டிகளுக்கு ஊடாகவும் சுற்றியும் மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பி வரும். கீழே போவது சப்ளை ஏர், மேலே திரும்புவது ரிட்டர்ன் ஏர். இந்த இரண்டு பெயரும் கீழே பலமுறை வரும்.

20 அடி எடுக்கலாமா, 40 அடியா?

ரீஃபரில் 40 அடி ஹை-கியூப், அதாவது உயரம் கூடிய வகைதான் எளிதில் கிடைக்கும். உள்ளே சுமார் 67 கன மீட்டர் இடம். 20 அடியில் சுமார் 28 கன மீட்டர். வாடகை பாதியாக இருக்காது என்பதால், பாதிச் சரக்கு இருந்தால் மட்டுமே 20 அடி கட்டுப்படியாகும். 13 கிலோ வாழைப் பெட்டி என்றால் 40 அடியில் ஏறத்தாழ 1,500 பெட்டி, அதாவது 20 டன் அளவுக்கு ஏறும். இறால் போன்ற கனமான சரக்கில் இடம் நிறைவதற்கு முன்பே எடை வரம்பு வந்துவிடும். அந்த வரம்பைப் பெட்டியின் கொள்ளளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இறங்கும் நாட்டின் சாலை வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

என் சரக்குக்கு என்ன டெம்பரேச்சர் போடணும்?

பச்சை கேவண்டிஷ் வாழைக்கு 13.5 டிகிரி செல்சியஸ். மாம்பழம் ரகத்தைப் பொறுத்து 10 முதல் 13. பச்சை மிளகாய், வெண்டைக்கு 7 முதல் 10. கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், திராட்சைக்கு 0-ஐ ஒட்டி. உறைந்த இறால், மீன், பரோட்டா, தேங்காய்த் துருவலுக்கு மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே. ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 25 அளவுக்குப் போக வேண்டும்.

அந்த மைனஸ் 18 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அது ஃபாரன்ஹீட் அளவின் 0 டிகிரி, அவ்வளவுதான். மைனஸ் 15 போதும், மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லும் முயற்சி ஒன்று 2023-இல் துபாய் காலநிலை மாநாட்டை ஒட்டித் தொடங்கியது. ஆனால் இறக்குமதி நாட்டின் சட்டமும் வாங்குகிறவரின் ஒப்பந்தமும் மைனஸ் 18 என்று சொல்லும் வரை நீங்களாக மாற்றக் கூடாது.

வாழைக்காயை இன்னும் கொஞ்சம் குளிரா அனுப்பினா கூட நாள் தாங்குமே?

தாங்காது, செத்துவிடும். 13 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே தோலுக்கு அடியிலுள்ள நரம்புகள் பழுப்பாகிவிடும். இதைக் குளிர்க்காயம் என்கிறோம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெளியே ஒன்றும் தெரியாது. அங்கே பழுக்கவைக்கும் அறையில்தான் தெரியும். மஞ்சள் பளிச்சென்று வராமல் சாம்பல் படிந்தாற்போல் மங்கி நிற்கும். மாம்பழம், வெள்ளரி, கத்திரிக்காய், வெப்பமண்டலக் கிழங்கு வகைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வெப்பமண்டலப் பயிர் எதற்கும் 'குளிர் கூடினால் நல்லது' என்ற கணக்கு பொருந்தாது.

சந்தேகமிருந்தால் மேல்தோலை மெல்லியதாகச் சீவி உள்பக்கம் பாருங்கள். பழுப்புக் கீற்று இருந்தால் காயம் பட்டுவிட்டது.

கன்டெய்னர் வந்ததும் உடனே ஆன் பண்ணி குளிர வச்சிடவா?

பொதுவாக வேண்டாம். வெளிக்காற்று படும் இடத்தில் ஏற்றுவதாக இருந்தால், கதவைத் திறந்ததும் நம் ஊரின் ஈரக்காற்று உள்ளே பாய்ந்து குளிர்ந்த சுவர்களில் நீராகப் படியும். அது அட்டைப் பெட்டியை நனைத்துத் தளர வைக்கும். மீதி ஈரம் இயந்திரத்தின் குளிர்ச்சுருளில் ஐஸாகக் கட்டும். கதவு திறந்திருக்கும்போது இயந்திரத்தை ஓடவிடுவதும் இதே தவறுதான். ஏற்றி முடிக்கும் வரை அணைத்தே வையுங்கள்.

குளிர்கிடங்கின் வாசலோடு கன்டெய்னர் ஒட்டி நின்று, இடையில் காற்றுப் புகாத மறைப்பு இருந்தால் முன்கூட்டிக் குளிர வைக்கலாம். நல்ல இறால் பிளான்ட்டுகளில் அந்த வசதி உண்டு. திறந்த ஷெட்டில் ஏற்றுகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகோ விடியற்காலையிலோ, ஆள் போதுமான அளவு வைத்து வேகமாக ஏற்றுவதே வழி.

அப்போ சரக்கைக் குளிர வைக்கிறது யாரு, எவ்வளவு நேரம்?

நீங்கள்தான், ஏற்றுவதற்கு முன்னால். வாழை தோட்டத்திலிருந்து வரும்போது சதையின் சூடு 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சீப்பு பிரித்து, பால் வடியக் கழுவி, காம்பு வெட்டில் பூஞ்சைக் கொல்லி கொடுத்து, பெட்டி கட்டியதும் காற்றை வலுவாக உள்ளிழுக்கும் குளிரறையில் வைத்து 24 மணி நேரத்துக்குள் 13.5-க்கு இறக்க வேண்டும். சாதாரணக் குளிர்கிடங்கில் பெட்டியைச் சும்மா அடுக்கி வைத்தால் நடுப்பெட்டி இறங்க இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். எந்த முதிர்ச்சியில் வெட்டுவது என்பதும் இங்கேதான் முடிவாகும். கப்பலுக்கு 75 முதல் 80 சதவீத முதிர்ச்சி. அதைத் தாண்டிய ஒரு தார் கலந்தாலும் அது விடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்க வைக்கும். இந்தக் கணக்குகளுக்கு திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

இறாலோ மீனோ என்றால் உறையவைக்கும் இயந்திரத்தை விட்டு வரும்போதே நடுச்சதை மைனஸ் 18 இருக்க வேண்டும். குளிர்கிடங்கில் போனபின் இறங்கிக்கொள்ளும் என்று விடக் கூடாது. மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் படிகம் உருவாகிச் சதையைக் கிழிக்கும். உருகும்போது நீராக வடிந்து எடை குறையும்.

பார்ப்பது எப்படி என்றால், அறையின் அளவுமானியை நம்பாமல் ஊசி முனை வெப்பமானியைச் சதைக்குள் குத்திப் பாருங்கள். முதலில் ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து அது 0 காட்டுகிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெட்டியாவது குத்தி, நேரத்தோடு எழுதி வையுங்கள். இந்தத் தாள்தான் கடைசிக் கேள்வியில் உங்களைக் காப்பாற்றும்.

காலி கன்டெய்னரை வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பி.டி.ஐ. ஸ்டிக்கர், அதாவது பயணத்துக்கு முந்தைய இயந்திரச் சோதனை எப்போது முடிந்தது என்ற தேதி. கதவு ரப்பர் கிழியாமல் இருக்கிறதா? உள்ளே நின்று கதவை மூடச் சொல்லி வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள், வெளியே ஓர் ஆள் நிற்கட்டும். தரைப் பள்ளங்களில் பழைய அட்டைத் துண்டும் தெர்மோகோலும் அடைத்திருந்தால் காற்று ஓடாது. முகர்ந்தும் பாருங்கள். முந்தைய பயணத்தில் மீன் ஏறியிருந்தால் அந்த வாடையைப் பரோட்டா இழுத்துக்கொள்ளும். ஏதாவது சரியில்லை என்றால் ஏற்றாமல் திருப்பி அனுப்புங்கள். ஏற்றிய பிறகு புகார் சொன்னால் எடுபடாது.

பெட்டியை எப்படி அடுக்கறது? இடைவெளி விடணும்னு ஒருத்தர், விடக்கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றாங்க.

இரண்டு பேரும் சரிதான், வேறு வேறு சரக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். உறைபொருள் தானாகச் சூடு உண்டாக்காது. சுவரும் தரையும் கூரையும் வழியே வரும் சூட்டைத் தடுத்தால் போதும். ஆகவே பெட்டிகளை இடைவெளியில்லாமல் ஒரே கட்டியாக அடுக்க வேண்டும், காற்று அதைச் சுற்றி ஓடும். பச்சைக் காய்க்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, சூட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. அந்தச் சூட்டை எடுக்கக் காற்று பெட்டிக்கு ஊடாகப் போக வேண்டும். அதனால் அட்டையின் அடியிலும் மேலும் துளைகள் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது அந்தத் துளைகள் நேர்கோட்டில் பொருந்த வேண்டும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால் துளை மறைந்துவிடும். அட்டையின் பலம் அதன் மூலைகளில் இருப்பதால் பெட்டியும் நசுங்கும்.

இரண்டுக்கும் பொதுவான விதிகள் உண்டு. சுவரில் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு பெட்டிகூட வைக்கக் கூடாது, திரும்பும் காற்றின் வழி அதுதான். கதவுப் பக்கம் தரைப் பள்ளங்கள் முடியும் இடத்தைத் தாண்டியும் சரக்கு நீளக் கூடாது.

பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. சரக்கு கதவு வரை நிறையவில்லை என்றால், மீதியுள்ள வெறுந்தரையைக் கெட்டியான அட்டையால் மூடி விடுங்கள். மூடாவிட்டால் குளிர்காற்று சுலபமான வழியைத் தேடி அந்த வெறுமையில் மேலேறி, சரக்கைத் தொடாமலே திரும்பிவிடும். இயந்திரம் எல்லாம் சரி என்று காட்டும், நடுப்பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும். பலகைத் தட்டில் (பேலட்) ஏற்றினால் தட்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளுக்கும் இதே கதிதான். மரத்தட்டு என்றால் வெப்பப் பதனம் செய்த முத்திரை இருக்க வேண்டும். நடுமரம் 56 டிகிரியில் 30 நிமிடம் என்பது அதற்கான உலக விதி.

வென்ட்டைத் திறக்கணுமா மூடணுமா?

வென்ட் என்பது வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு திறப்பு. உறைபொருளுக்கு அது எப்போதும் மூடியே இருக்க வேண்டும். திறந்திருந்தால் கடல் ஈரம் உள்ளே வந்து சுருளில் ஐஸ் கட்டும், குளிர் குறையும். பச்சைப் பொருளுக்குத் திறக்க வேண்டும், ஏனெனில் எத்திலீனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வேண்டும். வாழைக்கு மணிக்கு 25 கன மீட்டர் என்ற அளவில் தொடங்கலாம்.

எழுதிக் கொடுக்கும்போது '25 சதவீதம்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் சதவீதம் வேறு அளவைக் குறிக்கும். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றே எழுதுங்கள்.

ஒரே கன்டெய்னர்ல எல்லாக் காய்கறியும் கலந்து அனுப்பலாமா? சிங்கப்பூர் கடைக்காரர் அப்படித்தான் கேக்கறார்.

ஒரே குளிர் தேவைப்படும் கூட்டத்துக்குள் மட்டும் கலக்கலாம். மூன்றாவது கேள்வியின் அளவுகளைப் பாருங்கள்: 0-ஐ ஒட்டியவை ஒரு கூட்டம், 7 முதல் 10 வரை ஒன்று, 13-ஐ ஒட்டியவை ஒன்று. 'நடுவாக 6 வைப்போம்' என்றால் கேரட் வாடும், வாழை கருகும், இரண்டும் போகும்.

குளிர் ஒத்தாலும் எத்திலீன் விடும் பழத்தையும் அதைத் தாங்காத காயையும் சேர்க்கக் கூடாது. வெங்காயத்தைத் தனியே அனுப்புங்கள். அதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும், கீரைக்கும் காய்க்கும் 90-க்கு மேல். இரண்டையும் ஒரே காற்றில் காப்பாற்ற முடியாது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் சிறு அளவில் என்றால் விமானமே சரி.

புக்கிங்ல என்ன எழுதணும்? ஃபார்வர்டர் பாத்துக்குவார்ல?

சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர், நீங்கள் எழுதியதைத்தான் அடுத்தவருக்கு அனுப்புவார். இயந்திரத்தில் எண்ணைப் பதிக்கிறவர் உங்கள் சரக்கைப் பார்த்ததே இல்லை. மிகப் பெரிய நஷ்டங்கள் ஓர் எழுத்தில் நடக்கின்றன. 'மைனஸ்' விடுபட்டால் உறைந்த இறால் பிளஸ் 18-இல் பயணம் செய்யும். அமெரிக்க வாங்குநர் '0 டிகிரி' என்று எழுதுவது ஃபாரன்ஹீட்டில். அதை அப்படியே இங்கே 0 செல்சியஸ் என்று பதித்தால் மைனஸ் 18-இல் போக வேண்டிய சரக்கு 0-இல் போகும்.

ஆகவே எண்ணையும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்: 'மைனஸ் 18, மைனஸ் பதினெட்டு டிகிரி செல்சியஸ்'. கூடவே வென்ட் அளவு, ஈரப்பதக் கட்டுப்பாடு வேண்டுமா என்பது, லாரியில் ஜென்செட் (டீசலில் ஓடும் மின்னாக்கி) வேண்டும் என்பது. கப்பல் கம்பெனி தரும் பி.எல். எனும் சரக்கேற்றுச் சீட்டின் வரைவிலும் அதே குளிர் அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கதவை மூடி இயந்திரத்தை ஓடவிட்டதும் அதன் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

என்னென்ன பேப்பர் வேணும்?

பொதுவாக ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துக்கான ஷிப்பிங் பில், நாட்டு மூலச் சான்று. காய்கனிக்கு அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) பதிவும், தாவரத் தொற்றுக்காப்பு அலுவலகம் தரும் பைட்டோ சான்றும். கடல் உணவுக்கு எம்பெடா (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) பதிவும், ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்றும். ஐரோப்பாவுக்குக் கடலில் பிடித்த மீன் போனால் 2010 முதல் பிடிப்புச் சான்றும் வேண்டும், பண்ணை இறாலுக்கு அது தேவையில்லை. ஆனால் பண்ணை இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் பார்ப்பார்கள், அந்தச் சோதனை அறுவடைக்கு முன்பே நடக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால் சரக்கு விவரம் கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பும், உணவுத் துறைக்கான முன்னறிவிப்பு கப்பல் சேர்வதற்கு 8 மணி நேரம் முன்பும் போயிருக்க வேண்டும்.

2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். எனும் சரிபார்த்த மொத்த எடையும் கட்டாயம். காலி 40 அடி ரீஃபரே ஏறத்தாழ நாலரை டன் இருக்கும், கதவிலுள்ள எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

கப்பல்ல ஏறின பிறகு கரன்ட் போச்சுன்னா?

கப்பலில் போவதைவிட, கைமாறும் இடங்களில்தான் கரன்ட் போகிறது. பிளான்ட்டிலிருந்து துறைமுகம் வரை ஜென்செட், யார்டில் பிளக், கப்பலில் பிளக். தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறுவதால் அங்கே மறுபடி இறக்கம், பிளக், ஏற்றம். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் சிறிது நேரம் மின்சாரம் இருக்காது. நன்றாக உறைந்து முழுமையாக நிறைந்த சரக்கு சில மணி நேரத்தைத் தாங்கும். பச்சைக் காய் தானே சூடு உண்டாக்குவதால் அவ்வளவு தாங்காது.

ஜென்செட்டில் டீசல் இருக்கிறதா, ஓட்டுநர் இரவில் அணைத்துவிட்டாரா என்று கேட்பது உங்கள் வேலை. துறைமுகம் சரக்கை ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இரண்டு நாள் முன்பே யார்டில் கொண்டுபோய் நிறுத்துவதிலும் பயனில்லை, பிளக் வாடகைதான் கூடும்.

ஐரோப்பாவுக்கு வாழை கப்பல்ல போகுமா? நாள் ரொம்ப ஆகுதே.

வளைகுடாவுக்குப் போகும் அதே முறையில் போகாது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அப்படிப் போனால் பத்து நாளுக்கு மேல் கூடும். புக் செய்யும் முன் எந்த வழி என்று கேளுங்கள். நீண்ட பயணத்துக்குக் காற்றுக் கட்டுப்பாட்டு ரீஃபர் வேண்டும். சாதாரணக் காற்றில் 21 சதவீதமுள்ள ஆக்சிஜனை அது 2 முதல் 5 சதவீதமாக இறக்கி, காயின் மூச்சை மெதுவாக்கும். அதில் வென்ட் மூடியிருக்கும், மேலே வென்ட் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தாது.

இறக்குகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: கதவைத் திறந்து, காற்று மாறி, உள்ளே ஆக்சிஜன் போதிய அளவு இருக்கிறது என்று அளவி காட்டும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. 2 முதல் 5 சதவீத ஆக்சிஜனில் ஒரு மனிதன் எச்சரிக்கையே இல்லாமல் மயங்கி விழுந்து இறந்துவிடுவான்.

டெம்பரேச்சரைப் பதியற லாகர் கருவியோட கிராஃப்ல சில மணிக்கு ஒருதடவை சூடு எகிறுது. மெஷின் கோளாறா?

அநேகமாக டிஃப்ராஸ்ட். சுருளில் கட்டிய ஐஸை உருக்க இயந்திரம் விசிறியை நிறுத்திச் சுருளைச் சூடாக்கும். இயந்திரத்தின் பதிவில் கூரிய முள் போலத் தெரியும், அரை மணி முக்கால் மணியில் இறங்கிவிடும். சரக்கின் சூடு அசையாது. முள் அடிக்கடி வந்தாலோ, இறங்காமல் மேடாக நின்றாலோ கவலைப்படுங்கள். வென்ட் திறந்திருக்கலாம், கதவு ரப்பர் கசியலாம், ஈரமான சரக்கு ஏறியிருக்கலாம்.

இன்னொன்று: மைனஸ் 10 டிகிரிக்கு மேல் வைத்தால் இயந்திரம் சப்ளை ஏரைப் பார்த்து ஓடும், அதற்குக் கீழே ரிட்டர்ன் ஏரைப் பார்த்து ஓடும். வாழையில் சப்ளை 13.5-இலேயே நின்று, ரிட்டர்ன் பல நாள் 17, 18 என்று இருந்தால் சரக்கு சூடாக ஏறியிருக்கிறது என்று பொருள். உங்கள் சொந்த லாகரைக் கதவுப் பக்கம் மேல் அடுக்கிலும் நடுவிலும் வையுங்கள். மிகச் சூடாகும் இடம் கதவுப் பக்க மேல் அடுக்கு.

இன்சூரன்ஸ் போட்டிருக்கோமே, எதுவானாலும் கிடைக்கும் தானே?

கிடைக்காது. சி.ஐ.எஃப். விலையில், அதாவது சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து விற்றால் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு 'சி' வகை. அதில் குளிர் இயந்திரம் நின்றதால் வரும் கேடு இல்லை. உறைந்த உணவுக்கென்று தனி விதிகள் உண்டு. அதன் 'ஏ' வகையிலும் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றிருந்தால்தான் குளிர் மாற்றத்தால் வந்த நஷ்டம் சேரும். 20 மணி நேரம் நின்று சரக்கு இளகினால் அந்த விதிப்படி இல்லை. தவறான எண் பதித்ததும், ஏற்றும்போதே சூடாக இருந்ததும் அதில் வராது. பாலிசி எடுக்கும் முன் இந்த 24 மணி விதியைக் குறைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

சரக்கு கெட்டுப்போச்சுன்னு வாங்கினவர் சொல்றார், கப்பல்காரர் மெஷின் நல்லா ஓடுச்சுங்கறார். இப்ப என்ன பண்றது?

அதே நாளில் வாங்கினவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: கதவு திறக்கும் முன் சீல் எண்ணின் படம், திரையின் படம், முதல் வரிசை, நடு, கடைசி வரிசைச் சரக்கின் சதை வெப்பம், உங்கள் லாகர். உறைபொருள் என்றால் தனித்தனியாக இருக்க வேண்டிய இறால் ஒட்டிக் கட்டியாகியிருக்கிறதா, பைக்குள் உறைபனி திரண்டிருக்கிறதா, பெட்டியின் அடி நனைந்து மறுபடி இறுகியிருக்கிறதா என்று படமெடுக்கச் சொல்லுங்கள். உருகி மறுபடி உறைந்ததன் தடயம் அவைதான். வெளியில் தெரியாத கேட்டுக்குக் கப்பல் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பு டெலிவரியிலிருந்து 3 நாளுக்குள் போக வேண்டும், வழக்கு ஓராண்டுக்குள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்கள் இரு தரப்பிலிருந்தும் வந்து ஒன்றாகப் பார்ப்பது மேல். அதுவரை சரக்கைக் கொட்டவும் கூடாது, வெளியே கிடத்தவும் கூடாது, மிச்சத்தைக் காப்பாற்றும் கடமை சரக்குக்காரருக்கும் உண்டு.

பிறகு இயந்திரத்தின் பதிவை முழுவதும் இறக்கித் தரும்படி எழுதிக் கேளுங்கள், சுருக்கத் தாள் போதாது. அதில் மின்சாரம் இல்லாத நேரம் தெரிந்தால் எந்தத் துறைமுகத்தில் என்று தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முதல் நாளிலிருந்தே ரிட்டர்ன் ஏர் சூடாக இருந்தால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். அப்போது ஏற்றும் முன் ஊசி குத்தி எழுதிய தாள் உங்களிடம் இருக்க வேண்டும்.